மின் லாரிக்கு முன்னால் பழைய பாக்கி

கேள்வி: ஐயா, வணக்கம். கரூரில் என் அப்பா 1994-ல் ஒற்றை லாரியோடு தொடங்கிய டிரான்ஸ்போர்ட்டை ஐந்து வருடமாக நான் நடத்துகிறேன். தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஓடும் டிரெய்லர்கள் ஆறு. உள்ளூரில் தறி, சாயப்பட்டறை, தையல் யூனிட் என்று துணி ஏற்றி இறக்கும் குட்டி யானைகள் ஐந்து. சொந்தமாக ஒரு குடோன் உண்டு. வருடத்துக்கு நாலு கோடி வியாபாரம். அதில் பாதிக்கு மேல் ஒரே ஏற்றுமதி நிறுவனத்தின் லோடு. 400 கோடிக்கு மேல் வியாபாரம் செய்கிற நிறுவனம், ஆனாலும் பணம் தர 90 நாள் ஆக்குகிறார்கள். போன மாதம் அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டு பையர்கள் கேட்பதால் ஒவ்வொரு டிரிப்புக்கும் எவ்வளவு கார்பன் புகை என்று கணக்குத் தர வேண்டுமாம். 2027-க்குள் வண்டிகளில் ஒரு பங்கு மின்சார வண்டியாக இருக்க வேண்டுமாம். அதற்குள் ஒரு லோன் ஏஜென்ட் வந்து, 'கிரீன் லோன்' போட்டு இரண்டு மின்சார டிரெய்லர், குடோன் கூரையில் சோலார் எல்லாம் முடித்துத் தருகிறேன், வீட்டுப் பத்திரம் மட்டும் கொடுங்கள் என்கிறார். அப்பாவோ, 'கடன் வாங்கி ஊரைச் சுத்தம் பண்ண வேண்டாம்' என்கிறார். நாலு டிரெய்லருக்கு இன்னும் டியூ ஓடுகிறது. லோடு கைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்குப் பயம். என்ன செய்யலாம்?

பதில்:

வீட்டுப் பத்திரம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் அம்மா. மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். லாரிக்காரர்களின் ஃபைல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு ஃபைல் மட்டும் இன்னும் உறுத்துகிறது. பெரிய கம்பெனி ஒன்று 'கேஸ் வண்டி இருந்தால்தான் லோடு' என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி, ஒரு டிரான்ஸ்போர்ட் முதலாளி ஐந்து புது வண்டி எடுத்தார். நாங்களும் கடன் கொடுத்தோம். ஒன்பதாவது மாதம் கம்பெனியில் அதிகாரி மாறினார், ஒப்பந்தக்காரரும் மாறினார். வண்டிகளுக்கு இன்னும் நாலு வருட டியூ பாக்கி இருந்தது. அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இன்று உங்களிடம் கேட்கிறேன்: மின்சார வண்டி வேண்டும் என்கிற அந்த நிறுவனம், எத்தனை மாதத்துக்கு லோடு தருகிறேன் என்று எழுதித் தந்திருக்கிறதா?

உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஆகவே கடன் பேச்சுக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஆனால் அதற்கு முன்னால் செய்வதற்கு நிறைய இருக்கிறது, அதில் பெரும்பகுதிக்குக் கடனே வேண்டாம்.

முதலில் அவர்கள் கேட்ட கணக்கைக் கொடுத்துவிடுங்கள். அது நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் டிரிப் வாரியாக எத்தனை லிட்டர் அடித்தோம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை டன் ஏற்றினோம் என்ற மூன்றும் எழுதப்பட்டிருந்தால் போதும். காலியாக ஓடின தூரத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். பையர்கள் ஐஎஸ்ஓ 14083 என்ற முறையைக் கேட்பார்கள். 2023-ல் வந்த அந்தத் தரமும் இதே தகவலில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. டிரைவர் பேட்டா எழுதுகிற நோட்டிலேயே இதற்கு மூன்று கட்டம் கூடுதலாகப் போடுங்கள். பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் செபி விதிப்படி இந்த மாதிரியான அறிக்கை தர வேண்டியிருப்பதால், நாளைக்கு வேறு வாடிக்கையாளரும் இதையே கேட்கக்கூடும். ஆறு மாதக் கணக்கு ஒழுங்காக இருந்தால் வங்கி மேனேஜரிடமும் அதே நோட்டைக் காட்டலாம்.

இந்த நோட்டை எழுதத் தொடங்கினால் முதல் மாதத்திலேயே ஒன்று கண்ணில் படும். ஏற்றுமதிக்கு நீங்கள் தூத்துக்குடியிலிருந்து காலி கண்டெய்னரை 280 கிலோமீட்டர் மேலே இழுத்து வருகிறீர்கள், துணி ஏற்றிக் கீழே கொண்டுபோகிறீர்கள். அதே நாளில் இன்னொருவர் துறைமுகத்திலிருந்து இறக்குமதிச் சரக்கை ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வந்து, இறக்கிவிட்டுக் காலி கண்டெய்னரோடு திரும்புகிறார். புகளூரில் பெரிய காகித ஆலையே இருக்கிறது. மூலப்பொருளும் இயந்திரமும் நூலும் இறக்குமதி செய்கிற ஆலைகள் உங்களைச் சுற்றி நிறைய இருக்கின்றன. இறக்குமதியில் வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பாமல் அதிலேயே ஏற்றுமதிச் சரக்கை ஏற்ற முடிந்தால், இரண்டு வேலைக்குமாக 560 கிலோமீட்டர் காலி ஓட்டம் மிச்சம். காலி வண்டி லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தருவதாக வைத்தால் 112 லிட்டர். டீசல் 92 ரூபாய் கணக்கில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். புகை 300 கிலோ குறைகிறது.

எல்லா டிரிப்பிலும் இது நடக்காது. கப்பல் கம்பெனி ஒன்றாக இருக்க வேண்டும், பெட்டி அளவு பொருந்த வேண்டும், துணிக்குத் தகுந்த சுத்தமும் வேண்டும், கப்பல் கம்பெனியின் அனுமதியும் வேண்டும். ஆனால் இந்த அனுமதியை வாங்கித் தரக்கூடிய இடத்தில் உங்கள் ஏற்றுமதி நிறுவனமும் அவர்களின் கிளியரிங் ஏஜென்டும் இருக்கிறார்கள். 'புகையைக் குறை' என்று கடிதம் எழுதியவர்கள் அவர்கள்தானே, இந்த வேலையில் உதவச் சொல்லி நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள். மாதத்துக்கு ஐந்து டிரிப் இப்படி அமைந்தாலே அரை லட்சம் ரூபாய். ஒரு பைசா முதலீடு இல்லாமல் இவ்வளவு புகையைக் குறைக்கிற வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது மைலேஜ். உங்கள் டிரெய்லர் மாதம் பத்து டிரிப் அடிப்பதாக வைத்தால் 5,600 கிலோமீட்டர். போகவர சராசரி லிட்டருக்கு 4 என்பது 4.2 ஆனால், ஆறு வண்டிக்கும் சேர்த்து மாதம் 400 லிட்டர் மிச்சம். வருடத்துக்கு 4 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய், கிட்டத்தட்ட 13 டன் புகை. இந்த 0.2 எங்கிருந்து வரும் என்று அப்பாவிடம் கேளுங்கள், என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார். வாரம் ஒருமுறை காற்று பார்ப்பது, வீல் அலைன்மென்ட், ஏர் ஃபில்டர், 60-ஐத் தாண்டாத ஓட்டம், துறைமுக வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைப்பது. மிச்சமாகிற டீசலில் மூன்றில் ஒரு பங்கை டிரைவருக்கே கொடுத்துவிடுங்கள். கொடுக்காத இடங்களில் இரண்டாம் மாதமே மைலேஜ் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வண்டி ஓட்டுகிறவர் தூக்கத்தையும் உடம்பையும் கொடுத்து மிச்சம் பிடிக்கிற காசு அது; அதில் அவருக்குப் பங்கு நியாயம்தான்.

இப்போது பாக்கிக்கு வருகிறேன். இதைத்தான் தலைப்பாகவும் வைத்தேன். அந்த நிறுவனத்துக்கு நீங்கள் மாதம் சுமார் 18 லட்சத்துக்கு பில் போடுகிறீர்கள் என்று கணக்கிட்டால், 90 நாளில் 54 லட்சம் உங்கள் காசு அவர்களிடம் நிற்கிறது. டீசலுக்கும் டோலுக்கும் பேட்டாவுக்கும் நீங்கள் வட்டிக்கு வாங்குகிறீர்கள். உங்கள் பணத்தில்தான் அவர்கள் தொழில் நடக்கிறது, அந்தப் பணத்திலேயே மின்சார லாரியும் கேட்கிறார்கள்!

2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. போக்குவரத்து என்பது சேவைத் தொழில், அதனால் உங்களுக்கும் இது பொருந்தும். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் மட்டும் இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வரம்பும் உயர்ந்திருக்கிறது: 10 கோடி வரை விற்றுமுதலும் இரண்டரைக் கோடி வரை முதலீடும் உள்ளவர் குறு நிறுவனம், 100 கோடியும் 25 கோடியும் வரை சிறு நிறுவனம். நீங்கள் எப்படிப் பார்த்தாலும் இரண்டில் ஒன்றுக்குள் வருவீர்கள்.

'சட்டம் பேசினால் லோடு போய்விடுமே' என்பீர்கள். நியாயமான பயம். அதனால் பாக்கிக்காக அரசுத் தளத்தில் புகார் போடச் சொல்லமாட்டேன். உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்து அனுப்புங்கள், அவ்வளவுதான். மீதியை அவர்களுடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். வருமான வரிச் சட்டத்தில் வந்த மாற்றத்தால், கெடு தாண்டி மார்ச் 31-ல் நிலுவையில் நிற்கும் குறு, சிறு நிறுவனங்களின் பில்லை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. அவர்களுக்குக் கூடுதல் வரி விழும். அவர்களின் கணக்குப் பிரிவில் இதைப் பணிவாக நினைவூட்டலாம்.

அதையும் தாண்டி ஒரு வழி, ட்ரெட்ஸ். உங்கள் பில்லை அவர்கள் அந்த மின்னணுத் தளத்தில் ஏற்றுக்கொண்டதும், வங்கிகள் போட்டி போட்டுத் தள்ளுபடி செய்து சில நாட்களில் உங்களுக்குப் பணம் தருகின்றன. கெடு தேதியில் அவர்கள் வங்கிக்குக் கட்டுகிறார்கள். வட்டி அந்தப் பெரிய நிறுவனத்தின் தரத்தை வைத்து நிர்ணயமாவதால் உங்கள் சொந்தக் கடனைவிடக் குறைவாகவே வரும். ஜாமீன் கிடையாது. 250 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ள நிறுவனங்கள் இதில் பதிவு செய்தாக வேண்டும் என்பது இப்போது அரசு விதி, உங்கள் வாடிக்கையாளர் அந்த வரம்புக்கு மேலே இருக்கிறார். 90 நாள் 45 ஆனாலே 27 லட்சம் உங்கள் கைக்குத் திரும்புகிறது. 14 சதவீத வட்டி என்றால் வருடம் 3 லட்சத்து 78 ஆயிரம் மிச்சம். புது வண்டிக்கு வேண்டிய மார்ஜின் பணத்தை, அதாவது கடன் போக நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கை, வீட்டுப் பத்திரத்தில் தேடவே வேண்டாம், அது இங்கே இருக்கிறது.

இனி வண்டி. இரண்டு மின்சார டிரெய்லர் என்ற யோசனையை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். டீசல் டிரெய்லரோடு ஒப்பிட்டால் விலை இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிக்கு அதிகபட்சம் 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஏஜென்ட் அதைச் சொல்லியிருப்பார். அதை வாங்க ஒரு பழைய லாரியை அங்கீகாரம் பெற்ற இடத்தில் உடைத்த சான்றிதழ் வேண்டும் என்பதைச் சொன்னாரா? அந்தச் சான்றிதழை வேறொருவரிடமிருந்து விலைக்கு வாங்கவும் முடியும் என்பதால், நன்றாக ஓடுகிற உங்கள் வண்டியை மானியத்துக்காக உடைக்கப் போய்விடாதீர்கள்.

எனக்கு இருக்கிற பெரிய தயக்கம் வேறு. நம் பக்கத்து லாரிக்காரர்களின் சேமிப்பு வங்கியில் இருப்பதில்லை, பழைய வண்டியில்தான் இருக்கிறது. டியூ முடிந்த டிரெய்லரை நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ விற்றால் என்ன விலை போகும் என்று அப்பாவால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். அந்தக் காசுதான் அடுத்த வண்டிக்கு மார்ஜின். ஆறு வருடம் ஓடின மின்சார டிரெய்லரை வாங்க அப்படி ஒரு சந்தை இன்னும் உருவாகவில்லை. கடன் கொடுக்கிறவரும் அதைத்தான் யோசிக்கிறார். வீட்டுப் பத்திரம் கேட்பது அதனால்தான். பழைய வண்டியாக விற்றால் என்ன விலை போகும் என்று யாருக்கும் தெரியாதபோது அந்த ஆபத்தை உங்கள் வீடு ஏன் சுமக்க வேண்டும்? ஆகவே முதல் மின்சார டிரெய்லரை வாங்காதீர்கள், குத்தகைக்கு எடுங்கள். குத்தகைக் காலமும் லோடு ஒப்பந்தக் காலமும் ஒன்றாக இருக்கட்டும். 36 மாதத்துக்கு அவர்கள் கையெழுத்துப் போட்டால் நீங்களும் 36 மாதத்துக்குப் போடுங்கள்.

குட்டி யானைகள் கதை வேறு. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்குள் சுற்றி, ராத்திரி குடோனுக்கே திரும்பி வருகிற வண்டி மின்சாரத்துக்கென்றே அளவெடுத்தது போன்றது. டீசலில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 75 காசு. மின்சாரத்தில், யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும், இரண்டு ரூபாயைச் சுற்றித்தான் வரும். மாதம் 2,600 கிலோமீட்டர் ஓடினால் வண்டிக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம்; அந்தச் சின்னக் கடனின் டியூவில் ஒரு நல்ல பங்கு அதிலேயே அடைபடும். ஜிஎஸ்டியும் மின்வாகனத்துக்கு 5 சதவீதம்தான், டீசல் சரக்கு வண்டிக்கு 18. நீங்கள் 5 சதவீத ஜிஎஸ்டி முறையில் வாடகை வசூலிப்பவர் என்றால் உள்ளீட்டு வரியை, அதாவது வண்டி வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, திரும்ப எடுக்க முடியாது. அதனால் இந்த வித்தியாசம் முழுதும் உங்கள் பாக்கெட்டைத் தொடுகிறது. மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதத் தள்ளுபடியும் இருக்கிறது, பர்மிட்டும் வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: இ-டிரைவ் லாரி மானியம் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான். குட்டி யானைக்கும் அது கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐந்தில் மிகப் பழசான இரண்டை மாற்றுங்கள். 'வண்டிகளில் ஒரு பங்கு' என்றுதானே அவர்கள் கடிதம் சொல்கிறது? பதினொன்றில் இரண்டு அந்தப் பங்கில் சேரும்.

இந்தச் சின்னக் கடனுக்கு வீடு தேவையே இல்லை. சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாத நிதி, குறு, சிறு நிறுவனங்களுக்கு வங்கி சொத்து ஜாமீன் இல்லாமல் தரும் கடனுக்குப் பொறுப்பேற்கிறது. 2025 ஏப்ரலில் அதன் வரம்பு 10 கோடியாக உயர்ந்தது. அதற்கென வருடக் கட்டணம் ஒன்று உண்டு, வீட்டை வைப்பதைவிட அது மலிவு. உங்களுக்குக் கடன் கொடுப்பது வங்கிக்கும் ஒரு தேவை என்பதை மறக்க வேண்டாம்: அவர்கள் தரும் கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைக்கும், அதற்குள் ஏழரை சதவீதம் குறு நிறுவனங்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கிக் கணக்கு. தவிர, 2023 ஜூன் முதல் 'பசுமை வைப்பு' வாங்குகிற வங்கிகள் அந்தப் பணத்தை மின்வாகனம் போன்றவற்றுக்குத்தான் கொடுக்க முடியும். உங்கள் கடனை அந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா, சேர்த்தால் வட்டியில் என்ன குறைப்பீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். உங்கள் வங்கி மறுத்தால் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி, தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் இரண்டு இடத்திலும் விசாரியுங்கள். பச்சை என்று பெயர் வைத்ததாலேயே வட்டி பாதியாகிவிடாது. 2024 அக்டோபரிலிருந்து சிறுதொழில் தவணைக் கடனுக்கு முக்கிய விவர அறிக்கை என்ற தாளைக் கட்டாயம் தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் இருக்கும். ஏஜென்ட் சொல்கிற வட்டியையும் அந்தத் தாளில் உள்ள வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வங்கி உங்கள் ஃபைலில் முதலில் குறை சொல்லப்போவது எதை என்றும் ஊகிக்கிறேன். டிரெய்லர்கள் அப்பா பெயரிலும் குட்டி யானைகள் உங்கள் பெயரிலும் இருக்கின்றனவா? பல குடும்பங்களில் அப்படித்தான் இருக்கும். பத்து வண்டிக்குள் இருப்பவர்கள் கணக்குப் புத்தகம் இல்லாமல் வண்டிக்கு இவ்வளவு என்று காட்டி வருமான வரி கட்டும் உத்தேச வருமான முறையில், சின்ன வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் என்று காட்டினால் ஐந்து வண்டிக்கு வருட வருமானம் நாலரை லட்சம். வரிக்கு வசதிதான். ஆனால் கடன் கேட்கும்போது வங்கி பார்க்கிறது அந்த நாலரை லட்சத்தை. நீங்கள் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்பது எந்தத் தாளிலும் இல்லை. அப்பாவும் நீங்களும் கூட்டாளிகளாக ஒரே நிறுவனமாக்கி, புது வண்டிகளையாவது அதன் பெயரில் எடுங்கள். முறையான லாப நட்டக் கணக்கு எழுதுங்கள். வரி கொஞ்சம் கூடலாம். மின்வாகனத்துக்கு 40 சதவீதத் தேய்மானம் எடுக்கவும் புத்தகக் கணக்கு இருந்தால்தான் முடியும்.

சோலார் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. குடோனில் நாலு விளக்கும் ஒரு கம்ப்யூட்டரும் மட்டும் ஓடும்வரை அந்த முதலீடு திரும்பாது. இரண்டு வண்டி அங்கே சார்ஜ் ஏற ஆரம்பித்த பிறகு யோசியுங்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி இடம் வேண்டும், நாளைக்கு நாலு யூனிட் வரை கிடைக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் அதன்மேல் ஏற்றவே வேண்டாம். வீட்டுக் கூரைக்கான 78 ஆயிரம் ரூபாய் வரையிலான மத்திய அரசு மானியம் குடோனுக்குப் பொருந்தாது.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: கடன் வேண்டாம் என்று அவர் சொல்வது டிரெய்லர் விஷயத்தில் முழுக்கச் சரி. 1994-லிருந்து தொழிலைக் காப்பாற்றியதும் அந்த ஜாக்கிரதைதான். ஆனால் டீசல் புகையைக் குறைப்பது ஊருக்காகச் செய்கிற தானம் மட்டும் இல்லை. சாயப்பட்டறைக் கழிவால் அமராவதிக்கும் நொய்யலுக்கும் என்ன ஆனது, நீதிமன்ற உத்தரவுகள் வந்தபோது எத்தனை பட்டறைகள் தயாராக இல்லாமல் நின்றன என்பதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். கணக்கோடு முன்கூட்டியே தயாராக இருப்பதற்கு அவர் எதிராக இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அந்த நிறுவனத்துக்குப் பதில் எழுதும்போது கடந்த மூன்று மாத டிரிப் கணக்கை முதலில் இணையுங்கள். பிறகு, உள்ளூர் ஓட்டத்தில் இரண்டு மின்வண்டி விடுவதாகவும், கண்டெய்னர் மாற்றி ஏற்ற அவர்கள் உதவி தேவை என்றும் எழுதுங்கள். டிரெய்லருக்கு மின்வண்டி வேண்டுமென்றால் 36 மாத ஒப்பந்தம், மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற குறைந்தபட்ச உத்தரவாதம், கூடுதல் செலவுக்குக் கிலோமீட்டர் வாரியாகக் கூடுதல் வாடகை, 45 நாளில் பணம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். இடையில் அவர்கள் விலகினால் மீதிக் குத்தகையை யார் கட்டுவது என்பதும் அதில் இருக்க வேண்டும். வரைவு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அம்மா. அந்தக் கடைசிப் பகுதியை நானே வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.